அடுப்பில்லாத அறையில் ஆவி பறக்கும் ரொட்டி

இரண்டாவது ஷிப்ட் முடிந்து பீனியாவிலிருந்து ஸ்ரீராமபுரம் வந்து சேர இரவு மணி பதினொன்றரை ஆகிவிடும். தெருமுனை ஓட்டலின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். பேக்கரிக்காரர் கல்லைத் துடைத்துவிட்டுக் கல்லாவை எண்ணிக்கொண்டிருப்பார். அறைக்கு வந்தால் குடம் இருக்கும், குடத்தில் தண்ணீர் இருக்கும். வேறு ஒன்றும் இருக்காது.

என் அறை நண்பர் மூன்று மாதம் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் படுத்தார். சேலம் பக்கத்துக்காரர், வயது இருபத்து நான்கு. சம்பளத்தில் பாதி ஊருக்குப் போய்விடும். "பழகிப் போச்சு அண்ணே" என்பார். ஒரு நாள் விடியற்காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பழகினாலும் அவர் வயிற்றுக்குப் பழகவில்லை.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "மாத்திரை நான் தருவேன். ராத்திரிச் சாப்பாடு நீதான் சாப்பிடணும். கொஞ்சமாவது சூடா ஏதாவது சாப்பிட்டுப் படு" என்றார்.

சொல்வது சுலபம். எங்கள் அறையில் அடுப்பு வைக்கக் கூடாது. வீட்டுக்கார அம்மா நல்லவர்; ஆனால் முன்பு குடியிருந்த ஒருவர் மண்ணெண்ணெய் ஸ்டவ்வால் திரைச்சீலையைக் கொளுத்திவிட்டுப் போன நாளிலிருந்து, "கேஸ் பேடா, ஸ்டவ் பேடா" என்பது அவர் சட்டம். பெங்களூரில் வாடகை அறையிலும் விடுதியிலும் இருக்கும் நம்மவர் பலருக்கும் இதே கதைதான்.

ஆகவே ரொட்டி வாங்கி வைத்தோம். ஒரு வாரம் ஆயிற்று. "இது ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு அண்ணே" என்று நண்பர் பாதியிலேயே வைத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் என் அலுவலகத்தில் மாற்றலாகிப் போன ஒருவர், தம்முடைய பழைய டோஸ்டரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே மெல்லிய, பழுப்பு நிறப் பை ஒன்று. "இதுக்குள்ளே சாண்ட்விச்சை வெச்சு டோஸ்டரிலே இறக்கலாம், கழுவித் திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம்" என்றார். டோஸ்டர் பை என்று பெயராம். இணையக் கடைகளில் கிடைக்கிறது.

வீட்டுக்கார அம்மாவிடம் டோஸ்டரைக் காட்டி அனுமதி கேட்டோம். நெருப்பு இல்லை, கேஸ் இல்லை என்று கண்டபின் அரை மனதாகத் தலையசைத்தார். எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சோதனைகள் தொடங்கின.

கருகாத துணியின் கதை

டோஸ்டரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் தொழிற்சாலை ஒன்றில் மெக்கானிக்காக வேலை பார்த்தவர் சார்லஸ் ஸ்ட்ரைட். காண்டீனில் ரொட்டி கருகிக் கருகி வருவதைக் கண்டு சலித்துப்போய், வெந்ததும் தானே மேலே துள்ளி வரும் டோஸ்டரை அமைத்தார். 1921-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஷிப்ட் தொழிலாளியின் வயிற்றெரிச்சலில் பிறந்த கருவி என்றே சொல்லலாம்.

ஆனால் அது ரொட்டித் துண்டுக்கு மட்டும் ஆன கருவி. நடுவில் எதையாவது வைத்து இறக்கினால், வெங்காயமும் வெண்ணெயும் சூட்டுக் கம்பியில் விழுந்து புகையும். இந்தக் குறையைத்தான் பை தீர்க்கிறது.

பை வெறும் பிளாஸ்டிக் அல்ல. கண்ணாடி இழையால் நெய்த மெல்லிய துணி. அதன்மேல் டெஃப்லான் பூச்சு. நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கும் அதே பொருள். 1938 ஏப்ரல் 6-ம் தேதி அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் ராய் பிளங்கெட் என்ற 27 வயது ரசாயன நிபுணர், குளிர்சாதனப் பெட்டிக்கு ஏற்ற வாயு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். சிலிண்டரைத் திறந்தால் வாயு வரவில்லை. எடை போட்டால் எடை குறையவில்லை. அறுத்துப் பார்த்தபோது உள்ளே வழுவழுப்பான வெள்ளைப் பொடி இருந்தது. அதில் எதுவும் ஒட்டவில்லை. 1954-ல் பிரான்சில் மார்க் கிரெகுவார் என்பவர் அதை அலுமினியப் பாத்திரத்தில் பூசும் வழி கண்டார். இன்று அது தோசைக்கல்லாகவும் டோஸ்டர் பையாகவும் நம் கைக்கு வந்திருக்கிறது.

இந்தப் பூச்சு சுமார் 260 டிகிரி சென்டிகிரேட் வரை கெடாமல் தாங்கும். ரொட்டி பொன்னிறமாக 140 டிகிரியைத் தாண்டினால் போதும். இரண்டுக்கும் இடையே இருக்கும் இந்த இடைவெளியில்தான் பை வேலை செய்கிறது.

தோற்ற சோதனைகள்

முதல் ஞாயிறு, தக்காளியையும் வெங்காயத்தையும் நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு, இரண்டு ரொட்டிக்கு நடுவே தாராளமாக வைத்தோம். பைக்குள் நுழைத்து இறக்கினோம். மூன்று நிமிஷத்தில் துள்ளி வந்தது. திறந்து பார்த்தால் ரொட்டி வெளுத்துத் தொளதொளவென்று இருந்தது. தக்காளிச் சாறு எல்லாம் பையின் அடியில் தேங்கி, கீழ்ப்பாதி கூழாகிவிட்டது. நண்பர் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டார்.

இரண்டாவது, கடையில் வாங்கிய சமோசா. அது டோஸ்டரின் வாய்க்குள் போகவே இல்லை. அழுத்தி நுழைக்கப் பார்த்தார், நான் தடுத்துவிட்டேன். பை சூட்டுக் கம்பியைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் சூடு பல மடங்கு ஏறிவிடும், டெஃப்லானும் தாங்காது.

மூன்றாவது, காலையில் மீந்த இட்லி. மெல்லியதாக வகிர்ந்து வைத்தோம். ஓரம் மொறுமொறுப்பாக வந்தது. நடுவில் வறண்டு போயிற்று. மிளகாய்ப்பொடியும் நெய்யும் தடவி வைத்த இரண்டாவது ஈடு மட்டும் தேறியது.

நான்காவது, உருளைக்கிழங்கு மசாலாவைக் கனமாக அப்பிய சாண்ட்விச். வெளியே பொன்னிறம், உள்ளே சில்லென்று இருந்தது. "மேலே சித்திரை, உள்ளே மார்கழி" என்றார் நண்பர்.

பேக்கரி கற்றுத் தந்த பாடம்

குறை எங்கே என்று தெரிந்துகொள்ள நாங்கள் தூரம் போகவில்லை. தெருமுனை ஐயங்கார் பேக்கரியின் முன் சாயங்காலம் அரை மணி நேரம் நின்றோம்.

பெங்களூர் வாழ்க்கையில் ஐயங்கார் பேக்கரியைத் தெரியாதவர் இருக்க முடியாது. 1898-ல் சிக்பேட்டையில் எச்.எஸ்.திருமலாச்சார் தொடங்கிய பெங்களூர் பிரதர்ஸ் பேக்கரியிலிருந்து இந்த மரபு கிளைத்தது என்பார்கள். ஹாசன் மாவட்டத்திலிருந்து வந்த ஐயங்கார் குடும்பங்கள் முட்டை சேர்க்காத ரொட்டி, கேக், காரா பன் என்று ஊர் முழுவதும் கடை விரித்தன. அந்தப் பக்கத்து ஐயங்கார்கள் பலருக்கு வீட்டு மொழி ஒரு வகைத் தமிழ். விசுவேசுவரபுரத்தில் 1953-ல் தொடங்கிய வி.பி. பேக்கரியை அறியாத பழைய பெங்களூர்வாசி இல்லை.

அந்தக் கடைகளின் மசாலா டோஸ்ட்டைக் கவனியுங்கள். வெங்காயம், தக்காளி, காரட், பச்சை மிளகாய், கொத்துமல்லி எல்லாவற்றையும் மஞ்சள் தூளோடு முதலிலேயே கல்லில் வதக்கி, தண்ணீர் சுண்டும்வரை பிரட்டுகிறார். ரொட்டியை வெண்ணெயில் தனியாகப் பொரிக்கிறார். பிறகுதான் இரண்டும் சேர்கின்றன. மசாலா மெல்லிய பூச்சுதான், குன்றுபோல் குவிப்பதில்லை.

எங்களுக்கு விளங்கிவிட்டது. ஈரம் இருக்கும்வரை ரொட்டியின் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. வரும் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். 100-ஐத் தாண்டாமல் 140 எப்படி வரும்? பொன்னிறம் எப்படி வரும்? அது மட்டும் அல்ல. ரொட்டி முழுவதும் காற்று அறைகள். காற்று, சூட்டைச் சுலபத்தில் உள்ளே விடாது. கனமாக அப்பினால் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேருமுன் வெளிப்பக்கம் கருகிவிடும்.

ஆக விதி மூன்று. உள்ளே வைப்பது வெந்ததாக இருக்க வேண்டும். ஈரம் வற்றியதாக இருக்க வேண்டும். மெல்லியதாக இருக்க வேண்டும்.

வென்ற பட்டியல்

அடுப்பே இல்லாதவன் வெந்ததற்கு எங்கே போவான் என்று கேட்கலாம். இதோ எங்கள் அறையில் தேறிய பட்டியல்:

இட்லி மிளகாய்ப்பொடியை நெய்யில் குழைத்து இரண்டு ரொட்டியின் உட்புறமும் தடவுவது. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பும் பொடி டப்பா எந்த அறையில்தான் இல்லை? இதுவே எங்கள் முதல் வெற்றி. பொடி சூடேறும்போது வரும் மணத்தில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

காங்கிரஸ் கடலையை உள்ளங்கையால் நொறுக்கி, பொடியாக அரிந்த வெங்காயத்தோடு வெண்ணெயில் பதித்து வைப்பது. வெண்ணெய் தடவிய பன்னுக்குள் இந்தக் கடலையை வைத்துத் தருவது இந்த ஊர் பேக்கரி வழக்கம். நாங்கள் அதைச் சூடாக்கினோம், அவ்வளவுதான். பெயருக்கு ஒரு கதை உண்டு. 1969 ஜூலையில் லால்பாக் கண்ணாடி மாளிகையில் காங்கிரஸ் கமிட்டி கூடியபோது, இந்திரா காந்தி ஒரு பக்கமும் காமராஜ் உள்ளிட்ட மூத்த தலைவர்கள் மறுபக்கமுமாகப் பிளவு வெளிப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் கட்சி இரண்டாயிற்று. இரண்டாகப் பிளந்த மசாலா வேர்க்கடலைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்று ஊரில் சொல்வார்கள்.

அவித்த முட்டையை வட்டமாக அரிந்து, மிளகும் உப்பும் தூவி வைப்பது. 

காரா பன்னைக் குறுக்காக இரண்டாக வகிர்ந்து தனித்தனியாகச் சூடாக்குவது. காலையில் வாங்கிய பன் இரவில் புதிதுபோல் ஆகிறது. மடித்த சப்பாத்தியும் நன்றாக வருகிறது.

வாழைப்பழத்தை மெல்லியதாக அரிந்து, துளி சர்க்கரை தூவி வைப்பது. வயிற்று எரிச்சல்காரருக்குக் காரம் ஆகாத இரவுகளில் இதுதான் கை கொடுத்தது.

செய்முறை எல்லாவற்றுக்கும் ஒன்றே. முதல் ஈடு மூன்று நிமிஷம். துள்ளியதும் பையோடு திருப்பிப் போட்டு இரண்டாவது ஈடு இரண்டு நிமிஷம். பைத் துணி கொஞ்சம் சூட்டைத் தடுப்பதால் ஒரே ஈட்டில் ஆகாது. எடுத்தவுடனே பையிலிருந்து உருவி, தட்டில் படுக்க வைக்காமல், இரண்டு பாதியையும் கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்துங்கள். பைக்குள்ளேயே விட்டால் ஆவி திரும்பவும் ரொட்டியில் இறங்கி நமத்துவிடும்.

காலையில் வாங்கிய பல்யாவையோ சட்னியையோ நள்ளிரவில் உபயோகிக்க வேண்டாம். கெட்டுப்போனதை இந்த ஐந்து நிமிஷச் சூடு காப்பாற்றாது.

புகை சூழ்ந்த ஞாயிறு

இப்படி ஒரு மாதம் நன்றாகப் போயிற்று. மூன்றாவதாக ஒரு தம்பி அறைக்கு வந்து சேர்ந்தான். புதிதாக வேலைக்கு வந்தவன். ஒரு ஞாயிறு நாங்கள் இருவரும் வெளியே போயிருந்தோம். கழுவிப் போட்ட பை காயவில்லை. பசி பொறுக்காத தம்பி, "பைதானே" என்று நினைத்து, மளிகைக் கடையில் கொடுத்த கனத்த பிளாஸ்டிக் கவரில் ரொட்டியை வைத்து இறக்கிவிட்டான்.

சாதாரண பாலிதீன் சுமார் 110 டிகிரியிலேயே உருகிவிடும். கம்பியில் ஒழுகி, கருப்புப் புகை அறை முழுக்கப் பரவியது. நல்ல வேளை, பதறினாலும் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறான், தண்ணீர் ஊற்றவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு வராந்தாவில் வந்து நின்று இருமிக்கொண்டிருந்தான்.

நாங்கள் திரும்பியபோது வீட்டுக்கார அம்மா வாசலில் நின்றார். "நான் அப்பவே சொன்னேன் அல்லவா? நாளைக்கே காலி மாடி" என்றார்.

ஸ்ரீராமபுரத்தில் வேறு அறை தேடுவது என்றால் அட்வான்ஸ் எவ்வளவு ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் வாயடைத்து நின்றேன். நண்பர்தான் உள்ளே போய் அந்தப் பழுப்புப் பையை எடுத்து வந்து, அம்மாவின் கையில் கொடுத்தார். "அம்மா, தப்பு எங்க மேலேதான். பையன் புதுசு. இந்தப் பைக்கும் அந்தக் கவருக்கும் உள்ள வித்தியாசத்தை நாங்க சொல்லிக் கொடுக்கலை" என்றார். பிறகு, தயங்கித் தயங்கி, மூன்று மாதம் தண்ணீர் குடித்துப் படுத்ததையும் டாக்டர் சொன்னதையும் சொன்னார்.

அம்மா பையைத் தடவிப் பார்த்தார். "இதை முன்னாலேயே சொல்லக் கூடாதா? ராத்திரி பட்டினியா படுத்துக்கறவன் என் வீட்டிலே இருக்கான்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார். கடைசியில் மூன்று நிபந்தனை போட்டார்: டோஸ்டர் ஜன்னல் ஓரக் கடப்பைக் கல்மேல்தான் இருக்க வேண்டும், ஓடும்போது ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும், வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

பழைய டோஸ்டர் தேறவில்லை. உருகின பிளாஸ்டிக் கம்பியில் ஒட்டிவிட்டால் அதைச் சுரண்டி உபயோகிக்கக் கூடாது. தூக்கி எறிவதுதான் சரி. அந்த மாதச் சிக்கனம் புதிய டோஸ்டருக்குப் போயிற்று.

மறக்கக் கூடாதவை

அம்மாவின் மூன்று நிபந்தனைகளோடு நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டோஸ்டருக்கென்றே செய்த பையைத் தவிர பால் கவர், வெண்ணெய்க் காகிதம், செய்தித்தாள், அலுமினியத் தாள் எதையும் உள்ளே இறக்கக் கூடாது. டோஸ்டருக்குள் இருப்பது மின்சாரம் பாயும் திறந்த கம்பி. ரொட்டி சிக்கிக்கொண்டால் கரண்டியோ கத்தியோ விட்டுக் கிண்டாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, கவிழ்த்துத் தட்டுங்கள்.

காலிப் பையைச் சூடாக்கக் கூடாது. சோப்புத் தண்ணீரில் மெல்லிய துணியால் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். கம்பி நார் போட்டுத் தேய்க்க வேண்டாம். பூச்சு உரிந்தாலோ, இழை பிரிந்தாலோ, ஓரம் கருகினாலோ அதோடு அந்தப் பையின் ஆயுள் முடிந்தது. கிளியோ காதல் பறவையோ வளர்ப்பவர்கள் கூண்டை வேறு அறையில் வையுங்கள். டெஃப்லான் அளவு மீறிச் சூடானால் வரும் புகை பறவைகளைக் கொன்றுவிடும்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்; குமாஸ்தா புத்தி. எங்கள் டோஸ்டர் 750 வாட். ஒரு சாண்ட்விச்சுக்கு இரண்டு ஈடும் சேர்த்து ஐந்து நிமிஷம். முப்பது நாளும் ஆளுக்கு ஒன்று செய்தாலும் ஒருவர் கணக்கில் இரண்டு யூனிட் ஆகாது. மூன்று ஆம்பியர் சொச்சம்தான் இழுப்பதால் அறையில் இருக்கும் சாதாரண பிளக்கே போதும். ஆனால் அதே பிளக்கில் எக்ஸ்டென்ஷன் போட்டு இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்து மாட்டாதீர்கள்.

பெங்களூரின் பெயருக்கு ஒரு கதை உண்டு. வேட்டைக்குப் போய் வழி தவறிய ஹொய்சள மன்னன் வீரபல்லாளனுக்கு ஒரு கிழவி வெந்த பயறு கொடுத்தாள். அதனால் இது 'பெந்தகாளூரு' ஆயிற்று என்பார்கள். பேகூரில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டிலேயே பெங்களூர் என்ற பெயர் இருப்பதால், கதை கதைதான் என்று அறிஞர்கள் சொல்லிவிட்டார்கள். இருக்கட்டும். பசித்து வந்தவனுக்குச் சூடாக ஒரு பிடி கிடைத்தது என்பதைத்தான் இந்த ஊர் தன் பெயருக்குக் காரணமாகச் சொல்ல விரும்பியிருக்கிறது.

அந்தப் புகை நடந்த அடுத்த ஞாயிறு, சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. வீட்டுக்கார அம்மாவின் பேத்தி, கையில் சின்னக் கிண்ணத்தோடு நின்றாள். உள்ளே தேங்காய் போட்ட பீன்ஸ் பல்யா. "அஜ்ஜி இதை அந்தப் பைக்குள்ளே வெச்சுப் பார்க்கச் சொன்னாங்க. எங்களுக்கும் ஒண்ணு வேணுமாம்" என்றாள்.

தண்ணீர் வடிந்த பல்யா. மெல்லியதாகப் பரப்பி, இரண்டு ஈடு போட்டோம். நன்றாகவே வந்தது. நண்பர் முதல் ரொட்டியைத் தட்டில் வைத்துக் கீழே கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

நண்பருக்கு இப்போது மாத்திரை நின்றுவிட்டது. இன்றைக்கும் இரண்டாவது ஷிப்ட்தான். இன்றைக்கும் வருவதற்குப் பதினொன்றரைதான். ஆனால் ஜன்னல் ஓரம் பை காய்ந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் பொடி டப்பா இருக்கிறது. உங்கள் அறையிலும் தண்ணீர் குடித்துப் படுக்கும் தம்பி எவனாவது இருந்தால், இன்றைக்கே விசாரியுங்கள். அவனாக வந்து சொல்ல மாட்டான்.